ஏதாவது அப்டேட் இருக்கா?

2024 மார்ச் 29, புனித வெள்ளி. சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் லீவு கிடைத்ததால் பாளையங்கோட்டைக்கு, அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தபோது மணி பத்தரை இருக்கும். அலுவலக வாட்ஸப் குழுவில் ஒரு இணைப்பு வந்து விழுந்தது. அனுப்பியவன் எங்கள் டீமிலேயே இளையவன், மதுரைப் பையன். இணைப்புக்குக் கீழே ஒரே வரி: "அண்ணே, உங்க லேப்டாப்ல டெபியன் டெஸ்டிங்தானே ஓடுது?"

ஆமாம், அதுதான் ஓடுகிறது, டெபியன் என்ற லினக்ஸின் புத்தம்புதுச் சோதனைப் பதிப்பு. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சர்வர் பார்த்துக்கொள்ளும் ஆட்களிடம், "இன்னும் ரெண்டு வருஷம் பழைய வெர்ஷனைக் கட்டிக்கிட்டு அழறீங்களே" என்று போன வாரம்தான் நக்கலடித்திருந்தேன்.

எக்ஸ்இசட் என்ற லினக்ஸ் மென்பொருளின் 5.6 பதிப்புகளில் யாரோ திருட்டுக் கதவு வைத்திருக்கிறார்கள் என்றது அந்த இணைப்பு. கீழே இறங்கி லேப்டாப்பைத் திறந்து, நிறுவியிருக்கும் மென்பொருள்களின் பட்டியலில், அதாவது பேக்கேஜ் பட்டியலில், எக்ஸ்இசட் என்று தேடினேன். எண் 5.6 என்று தொடங்கியது. வயிற்றில் ஒரு கல் விழுந்த மாதிரி இருந்தது. அந்தக் கதவு திறப்பது எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது வெளியிலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் சேவை வழியாக. போனிலிருந்து கோப்பு அனுப்புவதற்காக அதையும் நானே திறந்து வைத்திருந்தேன். வீட்டு ரவுட்டருக்கு வெளியே அது தெரியாது, ஆகவே பெரிதாக ஒன்றும் நடந்திருக்க வாய்ப்பில்லை. இதெல்லாம் அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடமாடிவிட்டுப் போன மாதிரி ஒரு கூச்சம்.

அலுவலக சர்வர்கள் எல்லாம் பழைய வெர்ஷனிலேயே இருந்ததால் தப்பித்தன. பழைய சோற்றின் அருமை அன்றைக்குத் தெரிந்தது.

அந்த இணைப்பில் இருந்தது ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் எழுதிய நீண்ட மின்னஞ்சல். ஃப்ராய்ண்ட் மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்ப்பவர். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எழுதுகிறவர்களில் ஒருவர். தனக்குப் பாதுகாப்பு ஆராய்ச்சி தொழில் இல்லை என்று அந்த மின்னஞ்சலிலேயே சொல்லியிருந்தார். போஸ்ட்கிரெஸின் வேகத்தை நுணுக்கமாக அளக்க உட்கார்ந்திருக்கிறார். அப்படி அளக்கும்போது மெஷின் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். இருக்கவில்லை. எஸ்எஸ்ஹெச் சிபியூவைத் தின்றுகொண்டிருந்தது.

இணையத்தில் இருக்கும் எந்த மெஷினையும் யாரோ ஒருவனுடைய தானியங்கி நிரல் ராப்பகலாகத் தட்டிக்கொண்டேதான் இருக்கும். அட்மின், ரூட், டெஸ்ட் என்று வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி உள்ளே நுழையப் பார்க்கும். அப்படி ஒரு ஆளே இல்லை என்றால் உடனே வெளியே தள்ள வேண்டியதுதான். அதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறது? ஃப்ராய்ண்ட் நேரத்தை அளந்தார். முன்பு 0.299 வினாடியில் முடிந்தது இப்போது 0.807 வினாடி எடுத்தது. சில வாரம் முன்பு தானியங்கிச் சோதனை ஒன்றில் நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவி விநோதமாக ஏதோ புகார் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து நூல் பிடித்துக்கொண்டே போனவர், எக்ஸ்இசட்டின் வாசலில் போய் நின்றார்.

இதைப் படித்தபோது நான் நினைத்தது என்னைப் பற்றித்தான். அரை வினாடி தாமதத்தை வாழ்க்கையில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! ஒவ்வொரு முறையும் வைஃபையைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் ஒன்றும் கவர்ச்சியான மென்பொருள் இல்லை. கோப்புகளைச் சுருக்கிக் கட்டுவது, பிறகு பிரித்துக் கொடுப்பது, அவ்வளவுதான். ஆனால் ஏறத்தாழ எல்லா லினக்ஸிலும் அது இருக்கும். யாரும் விரும்பி நிறுவுவதில்லை, யாரும் நீக்குவதும் இல்லை. வீட்டில் கடப்பாரை இருப்பது மாதிரி.

இதற்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கும் நேரடி உறவு கிடையாது. டெபியன், ஃபெடோரா போன்ற சில லினக்ஸ் விநியோகங்களில், "நான் கிளம்பிவிட்டேன்" என்று, சேவைகளை இயக்கிவைக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காக எஸ்எஸ்ஹெச்சோடு லிப்சிஸ்டம்டி என்ற லைப்ரரியை, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்த லைப்ரரி எக்ஸ்இசட்டின் லைப்ரரியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வருகிறது. கல்யாண வீட்டில் யாரையாவது காட்டி "இவர் யார்?" என்று கேட்டால், "மாப்பிள்ளையோட சித்தப்பாவுக்கு மச்சான்" என்பார்களே, அந்த முறை. இங்கே அந்த மச்சான் நேராக நகைப்பெட்டி இருக்கும் அறைக்குப் போய்விட்டார்.

எப்படிப் போனார் என்பதில்தான் எனக்குப் பயம் கலந்த ஒரு மரியாதையே வந்துவிட்டது. திறமூல மென்பொருள் என்றால் நிரல் எல்லோர் கண்முன்னும் கிடக்கிறது, ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், திருட்டுத்தனம் நடக்காது என்று நாமெல்லாம் மேடை போட்டுப் பேசியிருக்கிறோம். சில காபித்தூள் கடைகளில் கொட்டையை நம் கண்முன் கொட்டி அரைத்துக் கொடுப்பார்கள். வாசனை வரும், நம்பிக்கையும் வரும். அதே கடையில் உள்ளே கட்டி வைத்த பாக்கெட்டும் இருக்கும். எக்ஸ்இசட்டில் கண்முன் அரைத்த நிரல், எல்லோரும் பார்க்கக்கூடிய கிட் களஞ்சியத்தில் இருந்தது. பெரும்பாலான விநியோகங்கள் எடுத்துப் போனது பாக்கெட்டை, அதாவது வெளியீட்டுக்காகத் தனியே கட்டிய டார்பாலை. பாக்கெட்டுக்குள் களஞ்சியத்தில் இல்லாத சில வரிகள் இருந்தன, பில்ட் செய்யும்போது, அதாவது நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும்போது, ஓடுகிற ஒரு கோப்பில். அந்தக் கோப்புகளைப் படிக்கிற மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நானும் படித்ததில்லை.

சரக்கு இருந்தது வேறு இடத்தில். கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளைச் சோதிக்க வேண்டுமானால் கெட்டுப்போன கோப்புகள் தேவை. கெட்டதைக் கொடுத்தால் ஒழுங்காக மறுக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. ஆகவே "கெட்டது", "நல்லது" என்று பெயர் போட்ட டஜன் கணக்கான கோப்புகள் சோதனை ஃபோல்டரில் கிடக்கும். திறந்தால் வெறும் குப்பை எழுத்துகள், யார் பார்ப்பார்கள்? அதில் "கெட்டது" என்று பெயர் வைத்த ஒன்றை எடுத்து, டேப் இருக்கும் இடத்தில் ஸ்பேஸ், ஸ்பேஸ் இருக்கும் இடத்தில் டேப், நடுக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு, அடிக்கோடு இருக்கும் இடத்தில் நடுக்கோடு என்று மாற்றிப் போட்டால் கெட்டது நல்லதாகிவிடுகிறது. உள்ளே ஒரு ஸ்கிரிப்ட். அது இன்னொரு சோதனைக் கோப்பிலிருந்து அடுத்த கட்டத்தைப் பிரித்து எடுக்கிறது. கடைசியில் எஸ்எஸ்ஹெச் சாவியைச் சரிபார்க்கும் இடத்தில் வேறொரு நிரல் உட்கார்ந்துகொள்கிறது. ஒரே ஒரு ரகசியச் சாவியை வைத்திருப்பவர் வந்து தட்டினால், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் அவர் சொன்ன வேலையைச் செய்யும். மற்ற யார் தட்டினாலும் வழக்கம்போல நடந்துகொள்ளும். அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. 64 பிட் இன்டெல் வகை லினக்ஸ் மெஷினில், டெபியனுக்கோ ரெட் ஹேட் குடும்பத்துக்கோ பேக்கேஜ் கட்டும்போது மட்டும் முளைக்கும். நீங்களோ நானோ ஆர்வத்தில் வீட்டில் பில்ட் செய்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இத்தனை சாமர்த்தியத்திலும் என்னை அசத்தியது ஒரு புள்ளி. உண்மையிலேயே ஒரு முற்றுப்புள்ளி. லினக்ஸில் லேண்ட்லாக் என்று ஒரு பாதுகாப்பு வேலி இருக்கிறது. அந்த வசதி மெஷினில் இருக்கிறதா என்று அறிய, பில்ட் சமயத்தில் ஒரு குட்டி நிரலைத் தொகுத்துப் பார்ப்பார்கள். தொகுக்க முடிந்தால் வசதி இருக்கிறது, முடியாவிட்டால் இல்லை. அந்தக் குட்டி நிரலின் நடுவே ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி வைக்கப்பட்டிருந்தது. சி மொழியில் அது பிழை. ஆகவே எந்த மெஷினிலும் தொகுக்காது, ஆகவே எந்த மெஷினிலும் வேலி இல்லை என்று முடிவாகிவிடும். மாற்றங்களைச் சரிபார்க்கிறவர் திரையில் அந்தப் புள்ளியைப் பார்த்தால் தூசி என்று நினைத்துத் துடைத்திருப்பார்.

இதையெல்லாம் செய்தது ஜியா டான் என்ற பெயர். பெயர் என்றுதான் சொல்ல முடியும், ஆளைச் சொல்ல முடியாது. பின்னால் இருந்தது ஒருவரா ஒரு குழுவா ஒரு அரசாங்கமா என்று இதுவரை யாரும் நிறுவிக் காட்டவில்லை. 2021-இல் வந்து சேர்ந்தார். சின்னச் சின்ன பேட்ச்கள், அதாவது நிரல் திருத்தங்கள், அனுப்பினார், உபயோகமானவைதான். 2023-இல் வெளியீடுகளைக் கட்டும் பொறுப்பு அவரிடம் இருந்தது. 2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1. வால்கிரைண்ட் புகார் கிளம்பியபோது அதைச் சரிசெய்கிறேன் என்று ஃபெடோராக்காரர்களோடு மின்னஞ்சலில் பேசி, அவர்கள் உதவியையே வாங்கிக்கொண்டார். பூட்டு சரியில்லை என்று திருடன் போலீஸ்காரரிடமே ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கிய கதை.

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன். நாங்கள் பழகியிருந்த ஓட்டைகள் இந்த மாதிரி இல்லை.

2021 டிசம்பர் இரண்டாவது வார இறுதி ஜாவா பக்கம் வேலை செய்த யாருக்கும் மறக்காது. லாக்4ஜே. சர்வரில் நடப்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதி வைக்கும் லைப்ரரி. எழுதுகிற வரிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் முகவரி இருந்தால், அதை வெறுமனே எழுதாமல் அந்த முகவரிக்கே போய், அங்கிருப்பதை இழுத்து வந்து ஓட்டவும் செய்யும். யாரோ 2013-இல் வசதியாக இருக்குமே என்று சேர்த்த அம்சம். மைன்கிராஃப்ட் விளையாட்டில் சாட் பெட்டியில் ஒரு வரி தட்டினால் சர்வர் கைக்கு வந்துவிடும் என்ற நிலை. அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்தவர் நவம்பர் 24 அன்றே, லாக்4ஜேயைப் பராமரிக்கும் அப்பாச்சிக்குத் தெரிவித்திருந்தார். உலகத்துக்குத் தெரிந்தது டிசம்பர் 9, 10 வாக்கில்.

எங்கள் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "நம்மகிட்ட இருக்கா?" நியாயமான கேள்வி, பதில்தான் யாரிடமும் இல்லை. நாங்கள் எழுதிய நிரலில் அந்தப் பெயரே கிடையாது. ஆனால் விலை கொடுத்து வாங்கிய ஒரு ரிப்போர்ட் மென்பொருள் இருந்தது. அதைப் பிரித்தால் உள்ளே ஜார் என்ற ஜாவா நிரல் பொட்டலங்கள் நாற்பது. அதில் ஒன்றைப் பிரித்தால் உள்ளே இன்னொரு ஜார். அதற்குள் பெயர் மாற்றி ஒட்டப்பட்டு லாக்4ஜே. நானும் இன்னொருவரும் சனிக்கிழமை ராத்திரி முழுக்க, வெங்காயம் உரிக்கிற மாதிரி உரித்துக்கொண்டிருந்தோம். 2.15-க்கு மாற்றி முடித்து வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அதிலும் ஒரு ஓட்டை, 2.16 வந்தது. அப்புறம் 2.17. வருஷம் முடிவதற்குள் 2.17.1. மூன்று வாரத்துக்குள் நான்கு முறை. அந்த வார இறுதிகளில் அதைச் சரிசெய்துகொண்டிருந்தவர்களும் வேறெங்கோ முழுநேர வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் இதை எழுதியவர்கள்தான் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை. "என்னய்யா வேலை செய்யறாங்க இவங்க" என்று நான் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆனால் அது பிழை. 2014-இல், இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல்லில் வந்த ஹார்ட்பிளீடும் பிழைதான். நீளத்தைச் சரிபார்க்க மறந்த ஒரு இடம், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிட்டது. பாதி இணையம் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. பிழைகளைப் பிடிக்கக் கருவிகள் இருக்கின்றன. எந்த பேக்கேஜில் எந்த எண்ணில் என்ன ஓட்டை என்று பட்டியல் இருக்கிறது. ஸ்கேனர் அதோடு ஒப்பிட்டு சிவப்பு காட்டும். எங்கள் ஸ்கேனர் தினமும் காலையில் நூற்றுக்கணக்கில் சிவப்பு காட்டும், அதில் முக்கால்வாசி எங்கள் நிரல் தொடவே தொடாத மூலைகள். அது வேறு புலம்பல், இன்னொரு நாள் எழுதுகிறேன். எக்ஸ்இசட் விஷயத்தில் அதே ஸ்கேனர் அந்த வெள்ளிக்கிழமை வரை பச்சையே காட்டியிருக்கும். பட்டியலில் இல்லாததை அது எப்படிக் காட்டும்?

எக்ஸ்இசட்டில் முதலில் ஓட்டை விழுந்தது நிரலில் இல்லை.

லாசே காலின் என்ற ஃபின்லாந்துக்காரர் பல ஆண்டுகளாக அதைத் தனியாளாகப் பார்த்து வந்தவர், சம்பளம் இல்லாமல். 2022-இல் அவருக்கு வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் இன்றும் பொதுவில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நானும் படித்தேன். ஜியா டானின் பேட்ச் ஏன் இன்னும் சேர்க்கப்படவில்லை என்று ஜிகர் குமார் என்ற ஒருவர் கேட்கிறார். சில வாரம் கழித்து மறுபடி கேட்கிறார், கொஞ்சம் சூடாக. டென்னிஸ் என்ஸ் என்று இன்னொருவர் வந்து எக்ஸ்இசட்டின் ஜாவா வடிவத்தை யாராவது பார்க்கிறீர்களா என்கிறார். காலின் ஜூன் மாதம் பதில் எழுதுகிறார்: ஆர்வம் போய்விடவில்லை, நீண்ட காலமாக மனநலப் பிரச்சினைகள் இருப்பதால் அதிகம் கவனிக்க முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள், ஜியா டானுக்கு வருங்காலத்தில் பெரிய பங்கு இருக்கலாம், பார்ப்போம்.

இந்த மாதிரி ஒரு பதில் வந்தால் மனுஷன் என்ன செய்ய வேண்டும்? டென்னிஸ் என்ஸ், உங்கள் மனநலப் பிரச்சினைக்கு வருந்துகிறேன், ஆனால் உங்கள் எல்லை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். ஜிகர் குமார், பேட்ச்கள் எல்லாம் மட்கிக் கிடக்கின்றன, உங்கள் களஞ்சியத்தை நீங்களே மூச்சுத் திணற வைக்கிறீர்கள், பராமரிப்பாளரை மாற்ற இன்னும் ஏன் காத்திருக்கிறீர்கள் என்கிறார். பிறகு தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த ஆட்களின் தடம் வேறெங்கும் கிடைக்கவில்லை. சாவியை வாங்குவதற்காக ஜோடித்த கோஷ்டி என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2018-இல், ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மில் இருந்த ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜில் இவ்வளவு நாடகம்கூடத் தேவைப்படவில்லை. வாரத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் முறை இறங்கிக்கொண்டிருந்த பேக்கேஜ். எழுதியவர் அதைப் பயன்படுத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டார். யாரோ ஒருவர் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பினார், இவர் கொடுத்துவிட்டார். ஒரு பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த திருட்டு நிரல் உள்ளே வந்தது. ஏன் கொடுத்தாய் என்று ஊரே அவரைத் திட்டியது. அதுவரை அவருக்கு யாராவது ஒரு காசு கொடுத்திருந்தால் திட்டியதிலும் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

சரி, ஜிகர் குமாருக்கு வருகிறேன். அந்தப் பெயரைப் பார்த்ததும் சுருக்கென்றது. யாரோ எங்கோ உட்கார்ந்து, எரிச்சலோடு அவசரப்படுத்துகிற ஒரு ஆளுக்கு என்ன பெயர் வைத்தால் இயல்பாக இருக்கும் என்று யோசித்து ஒரு இந்தியப் பெயரை வைத்திருக்கிறார்கள். அநியாயம் என்று கோபப்பட்டேன். ஆனால் கோபம் அந்த ராத்திரி தாண்டவில்லை. எனக்கு 2019 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது மளிகைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றில் வேலை செய்தேன். பில்லைப் பிடிஎஃப் ஆக்க ஒரு சின்ன லைப்ரரி பயன்படுத்தினோம். அதில் தமிழ் உடையும். ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். கொத்தமல்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் ககரம் முதலில் நின்று, அதன் பின்னால் கொம்பும் காலும் தனியே தொங்கும். பில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு ஒரு கடைக்காரர், "தம்பி, எங்க ஊட்டுல மூணாங் கிளாஸ் படிக்கிற புள்ளைகூட ஒழுங்கா எழுதும்" என்றார். அவமானமாக இருந்தது.

லைப்ரரியின் பக்கத்தில் ஏற்கெனவே யாரோ இதே புகாரைப் போட்டிருந்தார்கள், இந்திக்காக. அதற்குக் கீழே போய் எழுதினேன்: "ஏதாவது அப்டேட் இருக்கா?" இரண்டு வாரம் கழித்து மறுபடி. மூன்றாவது முறை எழுதியது இன்னும் வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மூன்று மாதமாகிறது, இதனால் எங்கள் ரிலீஸ் நிற்கிறது, இந்த ப்ராஜெக்ட் உயிரோடுதான் இருக்கிறதா, உங்களால் முடியவில்லை என்றால் முடிந்தவர் கையில் கொடுத்துவிடலாமே.

அந்த லைப்ரரியை எழுதியவருக்கு எங்களிடமிருந்து ஒரு பைசா போனதில்லை. அவர் மறுநாளே பதில் போட்டார். வீட்டில் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகிறது, தூக்கமே இல்லை, இந்திய எழுத்துகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, உங்களுக்குத் தெரியும் என்றால் பேட்ச் அனுப்புங்கள், கட்டாயம் பார்க்கிறேன். எனக்குத் தெரியும்தான். ஒரு வாரம் உட்கார்ந்தால் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோர்வை லைப்ரரியை அதோடு இணைத்திருக்கலாம். உட்காரவில்லை. வேறு லைப்ரரிக்கு மாறிவிட்டோம், ரிலீஸ் போனது, கொத்தமல்லி கொத்தமல்லியாகவே அச்சானது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜிகர் குமாருக்கும் எனக்கும் வார்த்தைகளில் வித்தியாசம் தேடிப் பார்த்தேன். அவருடைய ஆங்கிலம் கொஞ்சம் மோசம். அவ்வளவுதான் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த வேஷம் பலித்ததற்குக் காரணமே நான்தான் என்று தோன்றியது, நானும் என்னைப் போன்ற லட்சக்கணக்கானவர்களும். பராமரிப்பாளருக்கு வருகிற மின்னஞ்சல்கள் எப்போதும் அந்தத் தொனியில்தான் இருக்கின்றன. உலகத்தில் எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறவர்களாக இருந்திருந்தால் ஜிகர் குமார் முதல் மின்னஞ்சலிலேயே துருத்திக்கொண்டு தெரிந்திருப்பார்.

விடுமுறை முடிந்து அலுவலகம் போனதும் ஒரு கூட்டம் போட்டார்கள். எதைச் சார்ந்திருக்கிறோம் என்று முழுப் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். நல்ல விஷயம்தான், லாக்4ஜே சமயத்தில் இருந்திருந்தால் ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும். அந்தப் பட்டியலில் எத்தனை பேக்கேஜ்கள் ஒரே ஆள் கையில் இருக்கின்றன என்று நான் தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன். பாதிக்கு மேல் அப்படித்தான். அதில் மூன்று பேருக்கு மாதம் ஏதாவது அனுப்பலாமா என்று கேட்டேன். மேனேஜர் உடனே சம்மதித்தார், ஆச்சரியமாக இருந்தது. கணக்குப் பிரிவிலிருந்து பதில் வந்தது: வெண்டார் பதிவுப் படிவம், ஜிஎஸ்டி எண், பான் அட்டை நகல், ரத்து செய்த காசோலை ஒன்று. வெளிநாட்டில் ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து தேதி கணக்கிடும் லைப்ரரி எழுதும் ஒருவரிடம் ரத்து செய்த காசோலை கேட்பதா? கடைசியில் "பயிற்சி" என்ற தலைப்பில் எழுதி, மேனேஜர் தன் கார்டில் கட்டி, அதை ரீஇம்பர்ஸ் வாங்கிக்கொண்டார். ஒன்பது மாதம் ஓடியது. மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போனதும் நின்றுவிட்டது.

பணம் கொடுத்திருந்தால் மட்டும் காலின் தப்பித்திருப்பாரா என்று கேட்டால், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது கூட நிற்க ஒரு ஆள். அந்த இடத்தைத்தான் ஜியா டான் பார்த்து வைத்து வந்து நின்றார். 2025 செப்டம்பரில் சாக், டீபக் முதலான என்பிஎம் பேக்கேஜ்களில் திருட்டு நிரல் ஏறியதும் ஆள் வழியாகத்தான். கணக்கின் இரட்டைச் சரிபார்ப்பைப் புதுப்பிக்கச் சொல்லி என்பிஎம் அனுப்பியது போலவே ஒரு போலி மின்னஞ்சல். பராமரிப்பாளர் ஒருவர் நம்பிவிட்டார். வாரத்துக்குக் கோடிக்கணக்கில் இறங்கும் பேக்கேஜ்கள் அவை.

காலின் என்ன ஆனார் என்று அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். விஷயம் வெடித்தபோது, களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் ஜியா டானின் கணக்கோடு அவருடைய கணக்கையும் சேர்த்து முடக்கிவிட்டது, கொஞ்ச நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தது. அவர் ஓடிவிடவில்லை. மார்ச் 30 அன்றே அந்த முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு, நாசவேலை செய்யப்பட்ட லேண்ட்லாக் சோதனையைச் சரிசெய்தேன் என்று ஒரு கமிட் போட்டிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாற்றமாகக் கிளறிப் பார்த்து, மே 29-இல் 5.6.2 என்ற சுத்தமான பதிப்பை வெளியிட்டார். மின்னஞ்சல்களில் குரல் அதேதான், குறைவான சொற்கள், புகார் இல்லை.

பாளையங்கோட்டையில் அந்த ராத்திரியே அப்டேட் போட்டேன். டெபியன்காரர்களுக்கு ஒரு சிக்கல்: பேக்கேஜ் எண் முன்னேதான் போக முடியும், பின்னே போக முடியாது. நல்லது 5.4.5. கெட்டது 5.6.1. என்ன செய்தார்கள் என்றால், புதிய பேக்கேஜுக்கு "5.6.1+ரியலி5.4.5" என்று எண் வைத்துவிட்டார்கள். வெளியே பெரிய எண், உண்மையில் உள்ளே சின்ன எண். வரி திரையில் ஓடியதும் இருட்டில் தனியாகச் சிரித்தேன். அப்பா கட்டிலில் புரண்டு, "இன்னும் தூங்கலையாடா?" என்றார்.

தூக்கம் வரவில்லை. ஐந்து வருஷம் கழித்து அந்தப் பிடிஎஃப் லைப்ரரியின் பக்கத்தைத் திறந்தேன். மேலே மஞ்சள் பட்டையில் எழுதியிருந்தது: இந்தக் களஞ்சியம் காப்பகத்தில் வைக்கப்பட்டுவிட்டது, இனி வாசிக்க மட்டுமே. நான் அங்கிருந்து போய் ஆறு மாதத்தில் அவர் மூடியிருக்கிறார். என்னுடைய மூன்றாவது மறுமொழி அப்படியே இருந்தது. கீழே பதினான்கு பேர் கட்டை விரல் உயர்த்தியிருந்தார்கள். அவருடைய பதிலுக்கு இரண்டு பேர். மன்னிப்பு என்று ஒரு வரியாவது எழுதலாம் என்று பார்த்தேன். எழுதும் பெட்டியே இல்லை. அதை அழிக்கலாமா என்று மூன்று புள்ளியை அழுத்தினேன். திருத்து, நீக்கு இரண்டையும் காணோம். இணைப்பை நகலெடு என்று மட்டும் இருந்தது.